சுங்குடிச் சேலையில் எடுத்த படம்

சுருளிப்பட்டி,
19.11.1979

என் அன்புப் பிள்ளைக்கு,

அம்மா கஸ்தூரி எழுதுவது. இங்கே நானும் அப்பாவும் உன் தங்கை அய்யம்மாளும் சுகம். பம்பாயில் உன் உடம்பு எப்படி இருக்கிறது, வேளைக்குச் சாப்பிடுகிறாயா, அந்த ஊர்த் தண்ணீர் ஒத்துக்கொள்கிறதா என்று எழுது.

நீ அனுப்பிய கவர் போன வாரம் வந்தது. உள்ளே கடிதம் இருக்கும் என்று அவசரமாகப் பிரித்தேன். ஒரே ஒரு போட்டோதான் இருந்தது. நாற்காலி முதுகில் கை வைத்து, நீலச் சேலை கட்டி நிற்கிற பெண் யாரென்று எனக்குச் சட்டென்று பிடிபடவில்லை. அப்புறம் காதைப் பார்த்தேன். நான் பெற்ற பிள்ளையின் காது எனக்குத் தெரியாதா? பின்பக்கம் திருப்பினால் 'கஸ்தூரி' என்று எழுதியிருந்தது. எனக்கு அனுப்பிய படம், அதனால் என் பெயர் இருக்கிறது என்றுதான் நினைத்தேன்.

தேனியிலிருந்து உன் சிநேகிதன் ஞானசிகாமணி வந்தபோது காட்டினேன். "இல்லம்மா, அங்கன எல்லாரும் அந்தப் பேரச் சொல்லித்தான் கூப்பிடுறாகளாம். அதுவே எனக்குக் கடுதாசி எழுதியிருந்துச்சு" என்றான். முதலில் எனக்குக் கோபம்தான் வந்தது. கர்ணன் என்று உன் தாத்தா ஆசையாக வைத்த பெயர். அதை விட்டுவிட்டு, கேட்காமல் கொள்ளாமல் பெற்றவளின் பெயரையா எடுத்துக்கொள்வது? அன்றைக்குக் குழம்பு அடிப்பிடித்துவிட்டது. ஆனால் மறுநாள் காட்டில் களை பறிக்கும்போது, எத்தனையோ பெயர் இருக்க உனக்கு இதுதானே பிடித்திருக்கிறது என்று நினைத்து, தனியாகச் சிரித்துக்கொண்டேன்.

ஞானசிகாமணி சும்மா வரவில்லை. அவனுடைய சிங்கப்பூர் மாமா கொடுத்த கேமராவில் நீங்கள் எடுத்த படங்களையெல்லாம் ஒரு பிஸ்கட் டப்பாவில் போட்டுக் கொண்டுவந்தான். பாயில் பரப்பி ஒவ்வொன்றாகச் சொன்னான். "ஞாயித்துக்கெழம சர்ச்சு முடிஞ்சதும் சுருளி அருவிக்குப் போயிருவோம்மா. வீட்ல எப்பிடி இருக்கச் சொல்றாகளோ அப்பிடி நிக்கக் கூடாது. நமக்கு எப்பிடி இருக்கணும்னு தோணுதோ அப்பிடி நிக்கணும். அதான் எங்க பேச்சு" என்றான். அவனுடைய தங்கை செல்வமணி ஜீப்பில் டிரைவர் சீட்டில் உட்கார்ந்து, ஸ்டியரிங்கைப் பிடித்திருக்கிறாள். என்ன மிடுக்கு! இப்போது அவள் நிஜமாகவே ஓட்டப் பழகுகிறாளாம். வீட்டில் தினம் சண்டையாம். கடைக்காரர் வீட்டுப் பையன் ஞானசிகாமணியோ முழங்கால் வரை சேற்றில், நாற்றுமுடியைப் பிடித்துக்கொண்டு நிற்கிறான். அந்தப் படத்தை நீ எடுத்ததாகச் சொன்னான். நாற்றைத் தலைகீழாகப் பிடித்திருக்கிறான். நீயாவது சொல்லியிருக்கலாம்.

அப்புறம் உன் படம். என்னுடைய மஞ்சள் சுங்குடிச் சேலையில், பாறையில் உட்கார்ந்து எடுத்தது. பள்ளிக்கூடத்தில் எடுத்த குரூப் போட்டோவிலும், சித்திரைத் திருவிழாவில் எடுத்ததிலும் நீ தரையைத்தான் பார்த்துக்கொண்டிருப்பாய். நிமிர்ந்து பாரேன் என்று எத்தனை தடவை திட்டியிருக்கிறேன்! இதில் நேராகப் பார்க்கிறாய். சொல்லப் போனால் எனக்கே கொசுவம் அத்தனை அழகாக அமையாது.

இந்தப் படத்தைக் கழுவக் கொடுத்த இடத்தில் இருந்தவன் கூடுதலாக ஒரு பிரிண்ட் போட்டு, கம்பம் வாழைக்காய் மண்டியில் காட்டியதும், அப்பா வந்து உன்னை அடித்ததும், நீ சொல்லாமல் கிளம்பிப் போனதும் உனக்குத் தெரிந்தவை. அதற்குப் பிறகு நடந்தது உனக்குத் தெரியாது.

ஒரு மாதம் அப்பா மண்டிக்குப் போகவே இல்லை. ஆள் வைத்துக் காய் அனுப்பினார். பிறகு ஒருநாள் அவரே வண்டியோடு போனார். அங்கே ஒருவன், "என்ன நல்லகண்ணு, உம் மக சௌக்கியமா?" என்று கேட்டானாம். மற்றவர்கள் சிரித்தார்களாம். இறக்கிய தார்களையெல்லாம் அப்பா திரும்ப வண்டியில் ஏற்றச் சொல்லிவிட்டார். "எம் பிள்ளைய வச்சுச் சிரிக்கிற எடத்துல எங்காய் எறங்காது" என்று சொல்லிவிட்டு வந்துவிட்டார். அன்றிலிருந்து நம் காய் கூடலூருக்குத்தான் போகிறது. தூரம் அதிகம். இருந்தாலும் மாற்றவில்லை. வண்டிக்காரர் சொல்லித்தான் இது எனக்கே தெரியும்.

நல்ல செய்தி ஒன்று. அய்யம்மாளுக்குக் கல்யாணம் முடிவாகிவிட்டது. மாப்பிள்ளை கூடலூர், பெயர் சுருளியாண்டி. குமுளிக்கு ஜீப் ஓட்டுகிறார். தை மாதம் முகூர்த்தம். பேசி முடிக்க வந்த அன்று மாப்பிள்ளையின் அம்மா பஞ்சம்மாள், மூத்த பிள்ளை எங்கே என்று கேட்டார். பம்பாயில் கம்பெனி வேலை என்று சொல்லிவிடலாம் என்றுதான் அப்பா முன்பே பேசி வைத்திருந்தார். எனக்கு வாயில் வரவில்லை. அந்த அம்மாவை உள்ளே கூட்டிப் போய் உள்ளதைச் சொன்னேன். நீலச் சேலைப் படத்தையும் கையில் கொடுத்தேன். அய்யம்மாள் கதவோரம் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். அந்த அம்மா படத்தை வெளிச்சத்துக்குக் கொண்டுபோய்ப் பார்த்தார். "சமைச்சுப் போட அங்கன யாராச்சும் இருக்காகளா?" என்று கேட்டார். வேறு ஒன்றும் கேட்கவில்லை. வெளியே போய், பூ வைக்கலாம் என்று சொன்னார். அவர்கள் பக்கத்தில் ஒரு பெரியப்பாவுக்கு இது பிடிக்கவில்லையாம். கல்யாணத்துக்கு வரமாட்டேன் என்கிறாராம். வராமல் இருக்கட்டும்.

அன்று சாயங்காலம் அப்பாவிடமும் படத்தைக் கொடுத்தேன். பார்த்துவிட்டு, "ரொம்ப மெலிஞ்சு போச்சே" என்றார். அப்புறம், "கல்யாணத்துக்கு வரச் சொல்லு. வேட்டி சட்டையில வரச் சொல்லு" என்றார். அதற்கு அய்யம்மாள், "அப்பிடி வந்தா அது வேற யாரோ வந்த மாதிரிப்பா. எனக்குச் சடை பின்னி விடுறப்பதான் அது மொகம் மலரும். நீங்க பாத்ததில்ல" என்றாள். அப்பா துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு தோட்டத்துக்குப் போய்விட்டார். சரி என்றும் சொல்லவில்லை, கூடாது என்றும் சொல்லவில்லை. அவர் மனசு பாதி வழி வந்திருக்கிறது. மீதி வழிக்கு நான் பொறுப்பு.

சிரிக்கிறவர்கள் இருப்பார்கள். அது எனக்கும் தெரியும். பந்தியில் பாதிப் பேர் இலையைத்தான் பார்ப்பார்கள். மீதிப் பேர் பார்த்துவிட்டுப் போகட்டும். கல்யாணப் படம் ஞானசிகாமணிதான் எடுக்கிறான். வேறு ஆளை ஏற்பாடு செய்யவில்லை.

முக்கியமான விஷயம். அய்யம்மாளுக்கும் எனக்கும் ஜாக்கெட் தைக்க ராஜமணி டெய்லரிடம் கொடுக்கப் போகிறேன். பொங்கல் நெருங்கிவிட்டால் அவர் கையில் சிக்கமாட்டார். உன் அளவு என்னிடம் இல்லை. அங்கே தைத்துக் கொடுத்தவர்களிடம் கேட்டு, கை நீளம், கழுத்து இறக்கம் எல்லாம் தெளிவாக எழுதி, மறு தபாலிலேயே அனுப்பு. அரக்குக் கலர் எடுத்திருக்கிறேன். உன் நிறத்துக்கு எடுப்பாக இருக்கும் என்று அய்யம்மாள்தான் சொன்னாள்.

சுருளி வேலப்பர் வழித்துணையாக இருந்து உன்னைக் கொண்டுவந்து சேர்க்கட்டும். ரயிலில் ஜாக்கிரதை. வந்து சேர், ஆத்தா.

உன் அம்மா.