கசியும் ஷாக்கைச் சரிசெய்யாமல் வண்டியை எடுக்காதே

தம்பி,

வேலைக்குக் கிளம்பிவிட்டேன். சாப்பாடு அடுப்பு மேல் இருக்கிறது. கோபத்தை அதில் காட்டாதே.

நேற்று உன் நண்பர்கள் முன்னால் கத்தினாயே, "நீ கீழ போட்டதாலதான்க்கா ரிமோட் வண்டி கவுருது, இனிமே தொடாத!" என்று. தொடவில்லை. ஆனால் காலையில் அதன் அடியில் எண்ணெய் சொட்டியிருந்தது. இடது முன் சக்கரத்தின் குலுக்கலைத் தாங்கும் ஷாக் அப்சார்பரில் ரப்பர் வளையம் தேய்ந்துவிட்டது. அதனால்தான் பாறையில் ஏறும்போது அந்தப் பக்கம் தொபுக்கென்று அமுங்குகிறது. புது வளையமும் ஷாக் எண்ணெயும் மேசையில் வைத்திருக்கிறேன். ஊற்றியதும் மூடிவிடாதே, அவசரக்குடுக்கை! குமிழியெல்லாம் வெளியேறட்டும்.

மதியம் நடக்கும் பாறையேறும் வண்டிப் போட்டிக்கு நான் வரப்போவதில்லை.

சாவியைப் பக்கத்து வீட்டில் கொடு.

சரி, மதியம் லீவு கேட்டிருக்கிறேன். பாறைக்கு அந்தப் பக்கம் நிற்பேன். என்னைத் தேடாதே, வண்டியைப் பார்.

அக்கா