அப்பா மாலை போட்ட படம்

ஆனையூர், மதுரை.

அன்புள்ள ரோகிணி அக்காவுக்கு,

முபீனா எழுதுகிறேன். உங்கள் அம்மாவின் மூளையை ஆராய்ச்சிக்குத் தானமாகக் கொடுத்தபோது கையெழுத்து வாங்க வந்தேனே, அந்தப் பெண். சிங்கப்பூரில் நீங்களும் அண்ணனும் பிள்ளைகளும் சுகமாக இருக்க துஆ செய்கிறேன்.

உங்கள் அப்பாவுக்கு ஒன்றுமில்லை, பயப்படாதீர்கள். நேற்று அம்மாவின் வருஷ நினைவுக்குத் திருமங்கலம் வீட்டுக்குப் போயிருந்தேன். கத்தரி நன்றாகக் காய்த்திருக்கிறது, எனக்கும் ஒரு பை கொடுத்துவிட்டார். வாங்கிக்கொள்ளக் கை கூசியது. ஏன் என்று போனில் சொல்லத் தைரியம் இல்லாமல்தான் மெயிலில் எழுதுகிறேன்.

போன மாதம் எங்கள் ஆராய்ச்சிக்கூடத்தில் புதுச் சாயம் ஒருவழியாகப் பிடித்தது. மறதி நோய் வந்த மூளையில் ஒருவகைப் புரதம் திட்டுத்திட்டாகப் படிந்துவிடும். சாயம் அந்தத் திட்டில் மட்டும் ஒட்டி, மைக்ராஸ்கோப்பில் ஒளிர வேண்டும். முன்பு செய்த சாயமெல்லாம் கண்ட இடத்திலும் ஒட்டித் தொலைத்தது. இது அம்மாவின் மூளையிலிருந்து சீவிய மெல்லிய துண்டில் கச்சிதமாக ஒளிர்ந்தது. கைதட்டினோம். கேக் வெட்டினோம், அக்கா. அது யாருடைய மூளை என்று எங்களில் ஒருவருக்கும் தோன்றவில்லை.

அந்த நேரம் பார்த்து அப்பா வந்து நின்றார். வருஷ நினைவுக்கு எங்களைக் கூப்பிட வந்திருக்கிறார். யாருக்குப் பிறந்தநாள் என்று கேட்டார். எனக்கு வெட்கமாகிவிட்டது. சமாளிக்க வேண்டுமே என்று அழைத்துப்போய்த் திரையைக் காட்டினேன். கறுப்புக்குள் பச்சை பச்சையாக வெளிச்சம். வெகுநேரம் பார்த்துவிட்டுக் கையெடுத்துக் கும்பிட்டார்.

"எல்லாம் அணைஞ்சு போச்சுன்னுல்ல நெனச்சேன் தாயி. உள்ளுக்குள்ள இம்புட்டு வெளிச்சமாவா இருந்திருக்கா?" என்றார்.

அந்த வெளிச்சம்தான் நோய் என்று நான் சொல்லியிருக்க வேண்டும். ஆமாங்கப்பா என்றேன். பாவி, அதோடு நின்றேனா? கேட்டார் என்று பிரிண்ட் போட்டும் கொடுத்தேன்.

நேற்றுப் பார்க்கிறேன், அம்மாவின் போட்டோவை இறக்கிவிட்டு அந்த இடத்தில் இதைச் சட்டம் போட்டு மாட்டியிருக்கிறார். சந்தனம், குங்குமம், ரோஜா மாலை. சொந்தபந்தம் எல்லாம் வரிசையாக விழுந்து கும்பிட்டார்கள். நான் தலையைத் தூக்கவில்லை. தினமும் விளக்கேற்றி அதனிடம் பேசுகிறாராம்.

"உசுரோட இருந்தப்ப, யாரு நீன்னு கேட்டா. இப்ப நாஞ் சொல்றதெல்லாம் கேக்குறா தாயி" என்றார்.

அவரை யாரென்று அம்மாவைக் கேட்க வைத்ததே அந்த வெளிச்சம்தான், அக்கா.

அடுத்த வாரம் எங்கள் ஆராய்ச்சி பற்றிப் பத்திரிகையில் வருகிறது. இதே படம், கீழே நோய் என்று போட்டு. அவர் காலையில் டீக்கடையில் பேப்பர் படிக்கிறவர். நாலு பேர் நடுவில் அவருக்கு அது தெரியக்கூடாது. அதற்கு முன், இந்த வெள்ளிக்கிழமை தொழுகை முடிந்ததும் நானே போய்ச் சொல்கிறேன். அடித்தாலும் வாங்கிக்கொள்கிறேன். அடிக்க மாட்டார், டீ போட்டுக் கொடுப்பார். அதுதான் எனக்குப் பயம்.

நான் கிளம்பிய பிறகு வீட்டில் தனியாக இருப்பார். அன்று சாயங்காலம் நீங்கள் போன் பண்ணுங்கள். என்னைத் திட்டி நேரத்தைக் கழிக்க வேண்டாம். அம்மா எப்படிச் சிரிப்பார், அப்பாவை என்ன சொல்லிக் கூப்பிடுவார், அதையெல்லாம் பேசுங்கள். என்னால் அவருக்குக் காட்ட முடிந்தது அம்மாவின் நோயை மட்டும்தான்.

ஆண்டவன் அப்பாவுக்குத் தெம்பைக் கொடுக்கட்டும்.

உங்கள் முகத்தில் விழிக்க வெட்கப்படும்,
முபீனா