பத்துக்கு எட்டு

இன்று காலை உன் சுவர் விழுந்தது. உன் வீட்டை வாங்கி இடித்துவிட்ட பிளாட்காரனின் ஆட்கள் கடப்பாரையால் நெம்ப, செங்கல் சரிந்து, அடியில் கிடந்த செம்மண் வாசனை என் சமையலறை வரைக்கும் வந்தது. எனக்குக் கண்ணீர் வந்திருக்கும் என்று நினைத்துக்கொள்ளாதே. கோபம்தான் வந்தது. இத்தனை வருஷம் அசையாமல் நின்ற சுவர், நீ போய்ச் சேர்ந்த பிறகா விழ வேண்டும்?

சேலையூரில் முதுகோடு முதுகு ஒட்டிய இரண்டு மனைகள் நமக்கு. என் வாசல் வடக்குத் தெருவில், உன் வாசல் தெற்குத் தெருவில். ஆளுக்கு ஒரு கிரவுண்டு நிலம். வீடு போக மிஞ்சிய கொல்லையில் ஷட்டில் கோர்ட் பாதிதான் கொள்ளும். அதற்கு வழி சொன்னவள் நீதான். தாம்பரம் ரயிலில், பெண்கள் பெட்டியில், மடியில் முளைக்கீரையை வைத்து ஆய்ந்துகொண்டே சொன்னாய்: "உன் பாதி, என் பாதி. நடுவுல காம்பவுண்டு எதுக்குடி? நெட்டு கட்டிட்டாப் போச்சு."

கல்லூரி நாளில் எதிரெதிர் அணியில் ஆடியவர்கள் நாம். கல்யாணத்துக்குப் பிறகு இரண்டு பேருடைய பேட்டும் பரணில் கிடந்தன. அன்று ரயிலைவிட்டு இறங்கும்போது எனக்குத் தரையில் கால் பாவவில்லை.

மாடம்பாக்கத்திலிருந்து ஒரு லாரி செம்மண் இறக்கினோம். தண்ணீர் தெளித்துத் தெளித்து, திம்மிசுக் கட்டையால் மாறி மாறிக் குத்தினோம். "தோசை வார்க்க கை வலிக்குதாம், மண்ணு குத்த வலிக்கலையாம்" என்றார் என் வீட்டுக்காரர். திருமுடிவாக்கத்துப் பட்டறையில் உன் தம்பி இரண்டு இரும்புக் கம்பங்களை வெல்டிங் வைத்துக் கொடுத்தான். சரியாக எல்லைக்கோட்டின் மேல் நட்டு, இடுப்பளவு பள்ளத்தில் காங்கிரீட் போட்டோம். அவ்வளவு ஆழம் வேண்டாம் என்று நான் சொன்னேன். "ஆயுசுக்கும் நிக்கணும்டி" என்றாய். உன் வாயிலிருந்து வந்த சொல்தான்.

கடற்காற்று எழுவதற்குள், பால் பொங்குவதற்குள், தினம் ஆடினோம். தினம் நீ ஜெயித்தாய். இடது பக்கம், என் பேக்ஹேண்ட் மூலை, பலவீனம் என்று உனக்குத் தெரியும். இறகுப் பந்தை அங்கேயே கொண்டுபோய்ப் போடுவாய். போட்டுவிட்டு, "கால் வரலடி, கையை நீட்டுற" என்று சிரிப்பாய். அந்தச் சிரிப்பை நான் ஒருநாளும் மன்னித்ததில்லை.

பிறகு அந்த ஐப்பசிக் காலை. ஆளுக்கு ஒரு கேம். மூன்றாவதில் நான் பத்து, நீ எட்டு. நமக்குப் பதினொன்றுதானே கணக்கு. சர்வீஸ் என் கையில். பந்தைத் தூக்கிப் பிடித்தேன், மழை கொட்டியது. முந்தானையைத் தலையில் போட்டுக்கொண்டு ஓடினாய். ஓடும்போதே, "மீதியை நாளைக்கு வெச்சுக்கலாம்டி" என்றாய்.

மறுநாள் உனக்குத் தலைவலி. அடுத்த நாள் மகளுக்குப் பரீட்சை. அதற்கடுத்த வாரம் உன் கொல்லையில் செங்கல் வந்து இறங்கியது. என்ன இது என்று நெட்டுக்கு இந்தப் பக்கம் நின்று கேட்டேன். என் முகத்தைப் பார்க்காமல் சொன்னாய்: "வாஸ்து பார்த்தாங்க. ஈசானி மூலை திறந்து கெடக்கக் கூடாதாம்."

ஈசானி மூலை திறந்திருந்தால் நல்லது என்று ஊரில் குழந்தைக்குக்கூடத் தெரியும். அதை மூடச் சொன்ன வாஸ்துக்காரர் உலகத்திலேயே உன் வீட்டுக்கு வந்தவர் ஒருவர்தான். பொய் சொல்வதற்காவது விசாரித்துவிட்டுச் சொல்லியிருக்கலாம். ஒரே ஒரு பாயிண்டுக்குப் பயந்து சுவர் எழுப்பியவள் நீ.

கம்பங்களைப் பிடுங்க முடியவில்லை. "யம்மா, பாறையாட்டம் ஊனிக்கினு கீது. அப்பிடியே உள்ள வெச்சிக் கட்டிட்றேன்" என்றார் கொத்தனார். இரண்டு கம்பங்களும் சுவருக்கு மேலே தலைநீட்டிக்கொண்டு நின்றன.

உன்னோடு பேச்சை நிறுத்தினேன். ரயிலில் வேறு பெட்டி ஏறினேன். பழிவாங்காமல் விடவில்லை. உன் சுவரில் நெட்டின் உயரத்துக்குச் சுண்ணாம்பால் ஒரு கோடு போட்டேன். ஞாயிறுதோறும், நீ சாப்பிட்டுக் கண்ணயரும் நேரம் பார்த்து, பழைய டென்னிஸ் பந்தையும் ஒரு மரப் பேட்டையும் எடுத்துக்கொண்டு வந்துவிடுவேன். டொப், டொப், டொப். உன் வீட்டு வேலைக்காரப் பெண் தெருவைச் சுற்றிக்கொண்டு வந்தாள். "அக்காவுக்குத் தலவலியாம். கொஞ்சம் மெதுவா அடிப்பீங்களாம்."

"மெதுவா அடிச்சா சுவர் திருப்பித் தராதுன்னு போய்ச் சொல்லு" என்றேன். அந்த வாரம் முழுக்க எனக்குச் சோறு ருசித்தது.

சில சமயம் பந்து உன் பக்கம் விழுந்துவிடும். கேட்க மாட்டேன். கொஞ்ச நேரத்தில் தானே திரும்பி வரும். ஒவ்வொரு தடவையும் என் இடது மூலையில்தான் வந்து விழும். ஓடிப்போய் எடுக்கும்போதெல்லாம் உன்னைத் திட்டிக்கொண்டே எடுத்தேன்.

உன் சாவுக்கு வந்தேன். தெருவைச் சுற்றிக்கொண்டுதான் வரவேண்டியிருந்தது. உன் வீட்டுக்காரர் என்னைப் பார்த்ததும் உடைந்துவிட்டார். "ஞாயித்துக்கிழமைன்னா டிவியை நிறுத்திட்டுப் பின்கட்டுல வந்து உக்காந்துடுவா. சத்தத்தை வெச்சே சொல்லுவா, 'பேக்ஹேண்ட் இன்னும் திருந்தல பாருங்க'ன்னு." துக்க வீடு என்றும் பாராமல் எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. சுவர் அவ்வளவு திருப்பித் தந்த பிறகுமா திருந்தவில்லை? நீ பார்த்தாயா?

ஆட்கள் சாப்பிடப் போயிருக்கிறார்கள். சுவர் இல்லை, கம்பங்கள் இருக்கின்றன. பரணிலிருந்து பேட்டையும் ஒரு இறகுப் பந்தையும் இறக்கினேன். செங்கல் துண்டுகளை ஒதுக்கிவிட்டு, பழைய சர்வீஸ் கோட்டில் போய் நின்றேன். முட்டி வலித்தது. எதிரே உன் பாதி, வீடும் இல்லாமல், காலியாகக் கிடந்தது. பந்தைத் தூக்கிப் பிடித்தேன். அடித்திருந்தால் எங்கே விழுந்திருந்தாலும் பாயிண்டுதான்.

அடிக்கவில்லை. அவ்வளவு சுலபமாக உன்னை விட்டுவிட எனக்கு மனசில்லை. பத்துக்கு எட்டு, சர்வீஸ் என் கையில். அப்படியே இருக்கட்டும். எங்கே இருந்தாலும் ஒருநாள் நாம் சந்திக்கத்தான் வேண்டும். அங்கே கொத்தனாரும் கிடையாது, வாஸ்துவும் கிடையாது. வந்து என் கையால் தோற்றுவிட்டுப் போடி.