எட்டிப் பார்க்காத நேரம்

ராத்தா,

இந்தச் சாமத்தில் எழுதுகிறேன், கோவிக்காதேங்கோ. பகலில் எனக்கு இரண்டு கையும் ஒன்றாகக் கிடைப்பதில்லை. மகள் பிறந்து பதினேழு நாள். இப்போதுதான் கண் அயர்ந்திருக்கிறாள்.

சாப்பாட்டு மேசையில் ஒரு மீன் தராசு நிற்கிறது. உப்புவெளியில் தெரிந்த கடையொன்றில் இவர் இரவல் வாங்கி வந்தது. வாங்கிவரச் சொன்னது நான்தான். தேசிக்காயும் சவர்க்காரமும் போட்டு மூன்று தரம் கழுவியும் சூரை மீன் வாசம் போகவில்லை. போன கிழமை கிளினிக்கில் பிள்ளையின் நிறை பிறந்த நேரத்து நிறையை எட்டவில்லை. “பால் குடுத்துக்கொண்டிருங்கோ, வாற வியாழன் திரும்பப் பார்ப்பம். கூடாட்டி பெரியாஸ்பத்திரிக்கு எழுதித் தாறன். வீட்டில வைச்சு நிறுக்க வேண்டாம், சும்மா பயம்தான் வரும்” என்றார் மிட்வைஃப் மிஸ். கடைசி வசனத்தை நான் கேட்டதாகக் காட்டிக்கொள்ளவில்லை. ஒவ்வொரு முறையும் பால் கொடுக்க முன்னும் பின்னும் பிள்ளையைத் தராசில் கிடத்தி, முள்ளைப் பார்த்துக் கொப்பியில் எழுதினேன்.

இன்றைக்கு மத்தியானம் இவர் துறைமுக வேலையால் சாப்பிட வந்தவர், வாசலில் நின்று பார்த்துவிட்டுக் கேட்டார். “நீ பிள்ளைக்குப் பால் குடுக்கிறியா, தராசுக்குக் குடுக்கிறியா?”

எனக்குக் கண்ணில் தண்ணி முட்டிவிட்டது. கொப்பியைப் பிரித்தேன். நேரம், நிறை, குறிப்பு என்று மூன்று நிரல். கோடெல்லாம் பென்சிலால். ஆய்வுகூடத்தில் முதல்நாள் நீங்கள் எனக்குப் போட்டுக் காட்டிய அதே நிரல்கள், ராத்தா. இவ்வளவு நாளும் உங்கட கொப்பியைத்தான் எழுதிக்கொண்டிருந்திருக்கிறேன்.

நீங்கள் கிண்ணியா, நான் உப்புவெளி. மலைநாட்டுப் பல்கலைக்கழகத்தில், அந்தக் குளிரில், இரண்டு பேருக்கும் ஒரே அறை. நீங்கள் கலாநிதிப் பட்டத்துக்கு ஆய்வு செய்தீர்கள், நான் உங்களுக்கு உதவியாள். மூன்று வயதுதான் மூப்பு. உங்கட தங்கச்சி தொலைபேசியில் அக்கா என்பதற்கு ‘ராத்தா’ என்று கூப்பிடுவதைக் கேட்டுக் கேட்டு எனக்கும் அது வாயில் ஒட்டிக்கொண்டது.

உங்கட கேள்வி சின்னக் கேள்வி. எலிக்குட்டிகள் விடாமல் சூப்பிக்கொண்டே கிடக்கின்றன. பால் மட்டும் ஏன் விட்டு விட்டு வருகிறது? விடை தாயின் மூளைக்குள் இருந்தது. பாலை இறக்குகிற ஒக்சிற்றோசின் ஓமோனைச் சுரக்கும் மூளைக் கலங்கள் ஒவ்வொன்றும் தன் பாட்டில் மெல்லத் துடித்துக்கொண்டிருக்கும். அந்த ஓமோனையே பக்கத்துக் கலத்துக்குக் கொஞ்சம் கசியவிட்டு, நீ ஆயத்தமா, நீ ஆயத்தமா என்று விசாரிக்கும். பிறகு ஒரு கணத்தில் எல்லாம் சேர்ந்து பொரிந்து தள்ளும். ஓமோன் இரத்தத்தில் இறங்கும், பால் வரும், திரும்ப அமைதி. எலியின் தலையில் பொருத்திய மெல்லிய கம்பியால் அந்தத் துடிப்பைப் பிடித்து ஒலிபெருக்கியில் விடுவீர்கள். டிக்… டிக்… என்று கிடந்துவிட்டுத் திடீரெனத் தகரக் கூரையில் மழை விழுந்த மாதிரி ஒரு சத்தம். அதை முதல்முறை கேட்டபோது கதிரையை விட்டு எழும்பி என் தோளில் ஓங்கிக் குத்தினீர்கள். இரண்டு நாள் நொந்தது.

பிறகு மழை நின்றுவிட்டது. மூன்று நாள், பதிவு எடுக்கிற நேரமெல்லாம் வெறும் டிக், டிக். தாய் எலி நித்திரையானால்தான் அதற்குப் பால் இறங்கும். அது நித்திரையாகவில்லை.

“நீ எலி அறைக்குள்ள போனியா புள்ள?”

“இல்லை ராத்தா. கதவுக் கண்ணாடியால கொஞ்சம் பார்த்தனான். தண்ணி குடிக்கப் போகேக்க.”

“எத்தினை தரம்?”

நான் விரல் மடித்து எண்ணத் தொடங்கினேன்.

“நீ என்ன ஒட்டகமா? இவ்வளவு தண்ணி குடிக்கிற?”

அன்று முழுக்க என்னோடு கதை இல்லை. அடுத்தநாள் நான் கன்ரீனிலிருந்து வேளைக்குத் திரும்பி வந்தால், நீங்கள் செருப்பைக் கழற்றி வைத்துவிட்டு, நுனிக்காலில் நின்று, அதே கண்ணாடியில் மூக்கை அழுத்திக்கொண்டு நிற்கிறீர்கள். என்னைக் கண்டதும், “சும்மா, மூச்செடுக்குதா எண்டு பார்த்தன்” என்றீர்கள்.

“உங்களுக்கும் தண்ணி விடாய்க்குதோ?” என்றேன்.

நிழல் விழும்போதெல்லாம் அந்தப் பாவப்பட்ட எலி தலையைத் தூக்கியிருக்கிறது. நான் போனால் நீங்கள், நீங்கள் போனால் நான். அதற்கு எங்கே நித்திரை? சிரித்துச் சிரித்து நிலத்தில் இருந்துவிட்டோம். பிறகு பிஸ்கட் பெட்டி மட்டையை வெட்டிக் கண்ணாடியில் ஒட்டி, மேலே கொட்டை எழுத்தில் ‘பார்த்தால் வராது’ என்று எழுதினீர்கள். அன்று பின்னேரமே வந்தது.

போன வருடம் ஆஸ்பத்திரியில் உங்களைப் பார்க்க வந்தபோதும் என் கண் சேலைன் சொட்டிலும் திரையிலும்தான் நின்றது. ஆய்வேட்டைக் கையளித்த ஆறுதல் உங்கட முகத்தில் இருந்தது. “என்னை ஏன் புள்ள எலியப் பார்க்கிற மாதிரிப் பார்க்கிற? இரு, கதை” என்றீர்கள். நான் ஒழுங்காகக் கதைக்கவில்லை. அடுத்த கிழமை உங்கட ஜனாஸாவுக்குக் கிண்ணியாப் பாலத்தைக் கடந்து, நீங்கள் இல்லாத வீட்டுக்கு வந்தபோது உங்கட உம்மா என் கையைப் பிடித்தபடி வெகுநேரம் இருந்தார். பிள்ளை கிடைத்ததும் சொல்வதற்கு முதலில் தேடியது உங்கட தொலைபேசி இலக்கத்தைத்தான். நீங்கள் இல்லை என்று கைக்குத் தெரியவில்லை.

மத்தியானம் கொப்பியை மூடிவிட்டு, பிள்ளையின் பம்பர்ஸ் பெட்டியில் ஒரு துண்டு மட்டை வெட்டினேன். தராசின் வட்ட முகத்தில் வைத்து ஒட்டினேன்.

“இதென்ன இது?” என்றார் இவர்.

“ராத்தாட முறை.”

அவருக்கு உங்களைத் தெரியும், மேலே கேட்கவில்லை. வேலைக்குப் பிந்திப் போகிறேன் என்று சொல்லிவிட்டுக் கட்டிலுக்குப் பக்கத்தில் கதிரையைப் போட்டு இருந்தார். நான் பிள்ளையை அணைத்துக்கொண்டு சரிந்தேன். எண்ணவில்லை. மனிசருக்கு எலி மாதிரி நித்திரை தேவையில்லை, பயமும் பதகளிப்பும் போனால் போதும் என்று நீங்கள் சொன்னதை நினைத்துக்கொண்டிருந்தேன், அப்படியே கண்ணை மூடிவிட்டேன். எவ்வளவு நேரமோ தெரியாது. விழித்தபோது மற்றப் பக்கம் சட்டை நனைந்து படுக்கை விரிப்பு வரை ஈரம். பிள்ளை சூப்பிக்கொண்டிருக்கவில்லை, விழுங்கிக்கொண்டிருந்தாள். க்ளுக், க்ளுக், க்ளுக். இவர் அசையாமல், மூச்சும் விடாத மாதிரி இருந்தார். எனக்கு அந்த ஒலிபெருக்கி கேட்டது, ராத்தா. தோளும் நொந்தது.

அதற்குப் பிறகு கொப்பியில் ஒரு வரியும் இல்லை. ஆய்வுகூடமென்றால் நீங்கள் ஏசியிருப்பீர்கள். நாளைக்கு வியாழன், எட்டு மணிக்குக் கிளினிக். கூடியிருக்குமோ, பெரியாஸ்பத்திரிக்கு எழுதித் தருவாரோ, தெரியாது. பயம் போய்விட்டது என்று பொய் சொல்ல மாட்டேன். ஆனால் அந்த மட்டையை இன்னும் கழற்றவில்லை. விடியத் தராசைக் கடைக்குத் திருப்பிக் கொடுக்கச் சொல்லிவிட்டேன்.

உங்கட பழைய மின்னஞ்சலுக்கே இதை அனுப்புகிறேன். வேறு எந்த முகவரிக்கு அனுப்புவது? நீங்கள் எனக்கு எழுதும்போதெல்லாம் கடைசியில் ஒரு வரி போடுவீர்கள். இன்றைக்கு அதை நான் எழுதுகிறேன். கெதியாகப் பதில் போடுங்கோ, ராத்தா. நான் எட்டிப் பார்க்க மாட்டன்.