புரியாமல் சிரித்த ஜோக்

அன்புள்ள அம்மாவுக்கு,

நான் நலம். உங்கள் முழங்கால் வலி இப்போது எப்படி இருக்கிறது? எழுதும்போது எனக்கு எழுத்துகள் இடம் மாறிவிடும் அல்லவா, அதனால் நான் சொல்லச் சொல்ல விடுதித் தோழி எழுதுகிறாள்.

பேக்கரி வகுப்பில் எல்லோரும் வேகமாகப் பேசுவார்கள். எனக்குப் புரிவதற்குள் பேச்சு வேறெங்கோ போய்விடும். நீங்கள் சொல்லித் தந்தபடி, அவர்கள் சிரித்தால் நானும் சிரித்துவைப்பேன். செவ்வாய்க்கிழமை மாவு பிசையும்போது ஒருத்தி ஜோக் சொன்னாள். எல்லோரும் சிரித்தார்கள். எனக்கு என்னவோ பொய்யாகச் சிரித்துச் சிரித்து அலுத்துவிட்டது.

"எனக்குப் புரியல. இதுல சிரிப்பு எங்க இருக்கு?" என்று கேட்டுவிட்டேன்.

எல்லோரும் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். என் கை மாவுக்குள்ளேயே நின்றுவிட்டது. ஜோக் சொன்னவள் விளக்கப் பார்த்து, பாதியில் திணறினாள். எதிரில் நின்ற நெட்டைப் பெண், "எனக்கும்தான் புரியல. நீங்க சிரிச்சீங்கன்னு சிரிச்சேன்," என்றாள். "நானும்டி," என்றாள் இன்னொருத்தி. அப்புறம் பாருங்கள், மாஸ்டர் வந்து அதட்டும்வரை வயிறு வலிக்கச் சிரித்தோம். நானும்தான் அம்மா, நிஜமாகவே!

அன்று மதியம் அந்த நெட்டை தன் பக்கத்தில் எனக்கு இடம் பிடித்து வைத்திருந்தாள். அதுவரை தனியாகத்தான் சாப்பிட்டுக்கொண்டிருந்தேன். உங்களிடம் மறைத்ததற்குக் கோபிக்காதீர்கள்.

என் பழைய நீலப் போர்வையை அனுப்புங்கள். துவைக்க வேண்டாம், வீட்டு வாசனையோடு அப்படியே அனுப்புங்கள்.

"வாடி, உனக்காகத்தான் நிக்கிறோம்!" என்று நெட்டையும் மற்றவர்களும் வாசலில் கத்துகிறார்கள். ஓடுகிறேன்.

உங்கள் மகள்