பிரதீஷின் முதுகில் என் பல்

ஜூன் 9, திங்கள்

மழை. ஸ்கூட்டரில் வேலைக்குப் போகும்போது வீட்டுக்காரன் பிரதீஷோடு சண்டை. கேஸ் சிலிண்டர் புக் பண்ண மறந்துவிட்டான். பின்னால் உட்கார்ந்து வாய் ஓயாமல் திட்டிக்கொண்டே வந்தேன். மட்டாஞ்சேரி சந்தை முக்கில், தண்ணீருக்கடியில் குழி. வண்டி இறங்கி ஏறியதில் என் திறந்த வாய் அவன் முதுகில் போய் மூடிக்கொண்டது. சட்டை கிழிந்து ரத்தம்.

நான் வேலை பார்க்கும் ஆஸ்பத்திரிக்கே கூட்டிப் போனேன். “எந்தா சேட்டா கடிச்சது?” என்றாள் நர்ஸ். சுற்றிலும் ஆட்கள். என் மானத்தைக் காப்பாற்றுகிறானாம் — “பட்டி,” என்றான். நாயாம்! நானும் வாயை மூடிக்கொண்டு நின்றேன்.

டாக்டர் அதிதி சோப்புப் போட்டுக் கழுவினார். மூச்சை இழுத்துவிடச் சொல்லி, பல் உள்ளே நுரையீரல்வரை போகவில்லை என்றார். தையல் கிடையாது, மூடினால் சீழ் பிடிக்கும். பிறகு காயத்தைச் சுற்றி நாய்க்கடி ஊசி. பாவி அலறினான்.

“நாயைப் பத்து நாள் கவனிக்கணும். தினமும் பார்க்க முடியுமா?”

“முடியும் டாக்டர். வீட்டுப் பக்கந்தான் கிடக்கும்,” என்றான் பிரதீஷ்.

ஜூன் 10

அவன் கோப்பு என் மேசைக்கே வந்தது. காயத்துக்கும் நோய்க்கும் குறியீட்டு எண் போடுவதுதானே என் பிழைப்பு. மார்புச் சுவர், பின்பக்கம், இடது, திறந்த கடிகாயம், உள்ளே ஊடுருவவில்லை — சரளமாக வந்தது. அடுத்த கேள்வி: எது கடித்தது? நாய்க்கு எண் உண்டு. பன்றிக்கு, குதிரைக்கு, மாட்டுக்கு உண்டு. மனிதருக்கும் உண்டு. பெண்டாட்டிக்குத் தனியாக இல்லை. கோப்பை அடியில் செருகினேன்.

ஜூன் 11

காயம் சிவந்து கொதிக்கிறது. கையைத் தூக்க முடியவில்லை. “ஒண்ணுமில்லடி” என்கிறான். எனக்குப் பயமாக இருக்கிறது. சொல்லித் தொலைத்தால் என்ன?

ஜூன் 12

இரண்டாவது ஊசி.

“நாய் எப்படி இருக்கு?”

“நல்லா இருக்கு டாக்டர். சாயா குடிக்குது,” என்றான்.

டாக்டர் பேனாவைக் கீழே வைத்தார். “வேற மாற்றம்?”

“குரைக்கிறது குறைஞ்சிருக்கு.”

அதற்குமேல் எனக்குப் பொறுக்கவில்லை. “அந்த நாய் நான்தான் டாக்டர்.”

அவர் சிரிக்கவில்லை. “மனுஷ வாய்க்கிருமி வேற. சொல்லியிருந்தா அன்னிக்கே மாத்திரை தொடங்கியிருப்பேனே.” மஞ்சள் காமாலைக் கிருமி இருக்கிறதா என்று என் ரத்தத்தையும் எடுத்தார்கள். நாய் ஊசி நிறுத்தம். கோப்பில் திருத்தினார்: மனிதக் கடி, மனைவி, தற்செயல்.

வெளியே வந்து அழுதேன். “எனக்காக அந்த ஊசியெல்லாம் வாங்கணுமா?”

“நீ கடிச்சேன்னு பறஞ்சா, நாளைக்கு உன் ஆபீஸ்ல சும்மா விடுவாங்களா?”

இவனைப் போய் ஒரு சிலிண்டருக்காகத் திட்டினேன்.

ஜூன் 13

புருஷன் கோப்பை நானே போடுவது முறையில்லை என்று பக்கத்து மேசை சுனிதாவிடம் கொடுத்தேன். படித்தாள். வாயைப் பொத்திக்கொண்டு தண்ணீர் குடிக்கப் போனவள் வெகுநேரம் திரும்பவில்லை.

ஜூன் 18

காயம் ஆறுகிறது. என் ரத்தத்தில் ஒன்றுமில்லை.

ஜூலை 4

கலூர் தலைமை அலுவலகத்திலிருந்து வந்த அபிராம் சார் குறியீடு போடப் புதிதாகச் சேர்ந்தவர்களுக்கு வகுப்பெடுத்தார்; நானும் சுனிதாவும் பின்வரிசையில். பெயரை மறைத்து, அதே கோப்பு திரையில். சுனிதா தரையைப் பார்த்தாள்.

“பாவம் அந்த ஆள். ஏதோ ரத்தம் குடிக்கிற யட்சியைக் கட்டியிருக்கான்,” என்றது முன்வரிசை. எல்லாரும் சிரித்தார்கள்.

நான் எழுந்துவிட்டேன்.

“கடிச்சது நான்தான் சார். அவர் பாவப்பட்ட ஆள் இல்ல. நல்ல ஆள்.”