பெட்டகத் திறப்பில் கிடந்த பீரங்கி

கல்முனைக்குடி
ஜூன் 2010

அன்பு மகன் ஸஜாதுக்கு உம்மா எழுதிக்கொள்வது, அஸ்ஸலாமு அலைக்கும். அல்லாஹ்வின் காவலில் நீயும் மருமகளும் பிள்ளைகளும் லண்டனில் சுகமாக இருக்க வேண்டும். நான் சுகம்தான், பிரஷர் மட்டும் உன் சாச்சாவைக் கண்டால் ஏறுகிறது. ஃபோனில் சொல்லலாம், ஆனால் எனக்குக் கோபம் வந்தால் லைன் கிளியர் இல்லை உம்மா என்று வைத்துவிடுவாய், அதனால்தான் எழுதுகிறேன். பிழை பார்க்காதே, மூன்றாம் வகுப்போடு என்னை நிறுத்திவிட்டார்கள், ஆனால் மறதி என்ற வியாதி எனக்கு இல்லை.

போன வெள்ளிக்கிழமை ஃபோனில் துள்ளினாயே, எங்கட மூத்தாப்பா வெள்ளைக்காரன்ட பட்டாளத்தில இருந்தவராம் உம்மா என்று, அந்தக் கதைதான் இது. உன் வாப்பாவின் தம்பி, றஸாக் சாச்சாவின் மகன் நிப்றாஸ் இரும்பு தேடும் மெசின் ஒன்றை எங்கிருந்தோ எடுத்துக்கொண்டு கடற்கரையெல்லாம் திரிகிறான். முந்தி என்றால் அந்த மெசினோடு மணலில் நின்றவனை ஆமிக்காரன் விசாரிக்கக் கொண்டுபோயிருப்பான், இப்போது சண்டை முடிந்துவிட்டது, எல்லோருக்கும் துணிச்சல். சுனாமியில் போன பெண்டுகளின் காப்பும் மாலையும் மணலுக்குள் கிடக்கிறதாம், தேடுவது அதை, கேட்டால் பழைய சாமான் சேர்க்கிறோம் என்பார்கள். அவன்தான் அந்தப் பீரங்கி போட்ட பித்தளைப் பேட்ஜைத் தோண்டிப் படம் பிடித்து உனக்கு அனுப்பினான். நீ அதை அங்கே பழைய பட்டாளச் சாமான் தெரிந்த வெள்ளைக்காரனிடம் காட்டினாய். பீரங்கிப் படைக்காரர் தொப்பியில் குத்துவது, பெரிய சண்டைக் காலத்தது, பின்னால் யாரோ வளையம் ஒட்டிக் கெடுத்துவிட்டார்கள் என்று அவன் சொன்னான். அதுவரை சரி, அந்த மனிதனோடு எனக்குக் கோபமில்லை. பிறகு உன் சாச்சா, அது எங்கட வாப்பாடதான், எங்கட வாப்பாட வளவிலதான் கிடந்த எண்டு சொல்ல, நீயும் ஓம் ஓம் என்று தலையாட்டிவிட்டாய். இப்போது பள்ளிக்கூடக் கண்காட்சியில் கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்து உன் மூத்தாப்பாவின் பேரை எழுதப் போகிறார்களாம்.

பட்டாளத்துக்கு ஆள் சேர்க்கிறார்கள் என்று கேட்டதுமே வைக்கோல் போருக்குள் போய்ப் படுத்தவர் உன் மூத்தாப்பா, என் மாமனார். போனது என் வாப்பா. திருகோணமலையில் பீரங்கிக்குப் பக்கத்தில் நின்று நின்று காது இரண்டும் அடைத்துப்போய் வந்தவர். சந்தைக்கு மீன் வாங்கப் போனால், இந்தா செவிட்டுப் பட்டாளம் வருகுது, கைலேஞ்சிய ஆட்டிக் கூப்பிடுங்கடா என்று ஊரே சிரிக்கக் கத்தியது யார், உன் மூத்தாப்பாதான். என் வாப்பாவுக்குக் கேட்கவில்லை, அவர் கையைப் பிடித்துக்கொண்டு நின்ற எனக்குக் கேட்டது. அந்த வாய்க்குப் பிறந்ததுகள் இப்போது என் வாப்பாவின் தொப்பியில் கிடந்ததை எடுத்துத் தங்கள் நெஞ்சில் குத்தப் பார்க்கிறார்கள்.

அந்த வளையம் ஒட்டுவித்தது என் உம்மா. அவருக்கு அந்தச் சாமானைக் கண்டாலே ஆகாது, எறியவும் மனமில்லை, பாண்டிருப்பு இராசதுரைத் தட்டாரிடம் கொடுத்துச் செம்பு வளையம் ஒட்டுவித்து, பெட்டகத்தைப் பூட்டித் திறக்கும் திறப்பை அதில் கோத்தார். பேட்ஜில் இருக்கும் பீரங்கிச் சில்லின் ஓரம் உடுப்பைக் கிழிக்கிறது என்று அரத்தால் தேய்த்தது நான், படத்தில் நன்றாகப் பார், அந்தப் பக்கம் மழுங்கியிருக்கும். நம் ஊரில் வீடும் வளவும் யாருக்கு, பெண்பிள்ளைக்கு. ஆம்பிளை பெட்டியைத் தூக்கிக்கொண்டு பெண்சாதி வீட்டுக்குப் போகிறவன், உன் வாப்பா அப்படித்தான் வந்தார், உன் சாச்சா அப்படித்தான் போனான். வாப்பாட வளவு என்று எந்த ஆம்பிளைக்கு இருக்கிறது, லண்டன் போய் அதையும் மறந்துவிட்டாயா? வீட்டோடு திறப்பும் உம்மாவிடமிருந்து எனக்கு வந்தது, என் மூத்தவள், உன் ராத்தா றாஹிலாவின் நிக்காஹ் அன்று நானே அவள் இடுப்பில் செருகினேன். குளிக்கும்போதும் அவள் கழற்றமாட்டாள். சுனாமியன்று காலையில் நான் நற்பிட்டிமுனைக்கு மையித்து வீட்டுக்குப் புறப்பட்டபோது நம் கடற்கரை வீட்டுக் கிணற்றடியில் நின்று, உம்மா வரக்குள்ள சீனி வாங்கிட்டு வாங்க என்றாள், இடுப்பில் அது தொங்கியது. அவளை நான் கடைசியாகக் கண்டது அப்படித்தான்.

இப்போது விளங்குகிறதா? உன் மூத்தாப்பா இருந்த வளவு வயல் ஓரத்தில், அங்கே கடல் வரவேயில்லை. றாஹிலாவின் இடுப்பில் கிடந்தது அங்கே எப்படிப் போகும்? நேற்று அவர்கள் வீட்டுக்குப் போய், எங்க மனே தோண்டின என்று நிப்றாஸிடம் மரியாதையாகத்தான் கேட்டேன். அவன் வாப்பாவின் முகத்தைப் பார்த்தான். றஸாக் எழும்பி வந்து, மதினி, பழைய கதையெல்லாம் இப்ப என்னத்துக்கு, புள்ளக்கி வேல இரிக்கி, நீங்க போங்க என்று கதவைச் சாத்தினான். இடத்தைச் சொன்னால் கண்ணாடிப் பெட்டியில் பேர் நிற்காது, யாருடைய வளவுக்குள் களவாகத் தோண்டினார்கள் என்று ஊரும் கேட்கும், அந்தப் பயம். உன் ராத்தாவின் மையித்து கிடைக்கவில்லை. ஊரோடு சேர்த்து அடக்கிய குழிக்குள் இருக்கிறாளா, கடலோடு போனாளா, இரண்டும் தெரியாமல்தான் இத்தனை வருஷம் யாஸீன் ஓதுகிறேன்.

மகன், உன் சொல்லை நிப்றாஸ் கேட்பான், அவனுக்கு லண்டன் ஆசை இருக்கிறது. அவனிடம் சொல், பேட்ஜ் எனக்கு வேண்டாம். உன் மூத்தாப்பாவின் பேரையே பெரிய எழுத்தில் எழுதட்டும், நானே வந்து பெட்டிக்கு முன்னால் நின்று, ஓம், அவருடையதுதான் என்று ஊருக்குச் சொல்கிறேன். என் வாப்பா பொறுத்துக்கொள்வார். உன் சாச்சாவை நான் மன்னிக்கமாட்டேன், அது வேறு. எனக்கு அந்த இடம் வேண்டும். எந்த வளவு, எந்த மரத்தடி, எவ்வளவு ஆழம், பக்கத்தில் வேறு என்ன கிடந்தது. கடைசியைக் கேட்க உனக்கு வாய் வராது, இருந்தாலும் கேள்.

அல்லாஹ் உன் வீட்டில் பறக்கத்தையும் பிள்ளைகளுக்கு நீண்ட ஆயுளையும் தரட்டும். பிள்ளைகளை ஓத அனுப்பு, குளிரில் வெறுந்தலையோடு திரியாதே. கண்காட்சிக்கு முன்னமே கேட்டுவிடு, அது முடிந்தால் அவர்களுக்குக் கொடுக்க என்னிடம் ஒன்றும் இருக்காது. அடுத்த முறை ஃபோன் எடுத்தால் சுகமா உம்மா என்று தொடங்காதே, இடத்தைச் சொல்.

வஸ்ஸலாம்.
உன்னையும் றாஹிலாவையும் பெற்ற உம்மா,
ஆசியா உம்மா